மோதிரத்துக்குப் பிணை

கனகம்மாசத்திரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, திருவள்ளூரைத் தாண்டி, திருத்தணி வருவதற்கு முன்னால் இறங்கிக்கொள்ள வேண்டும். சிறிது தூரம் நடந்தால் அவர் வீட்டுத் திண்ணை. அந்தத் திண்ணைக்காகவே வருஷத்தில் இரண்டு தடவையாவது நான் அங்கே போவதுண்டு.

அந்த ஊரின் பெயரில் எனக்கு ஒரு மயக்கம். கனகம் என்றால் பொன். சத்திரம் என்றால் வழிப்போக்கன் காசு கொடுக்காமல் தலை சாய்க்கிற இடம். பொன்னும் தர்மமும் ஒரே பெயரில் சேர்ந்து வருவது அபூர்வம். தணிகைக்கும் திருப்பதிக்கும் ஜனங்கள் கால்நடையாகப் போன காலத்தில், யாத்ரீகன் ஒருவன் இதுபோன்ற ஒரு சத்திரத்தில் தன் மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்திருப்பான். மூட்டையில் இரண்டு வேஷ்டி, கொஞ்சம் அரிசி, சுவாமிக்கு முடிந்து வைத்த காசு. காலையில் விழிக்கும்போது அந்த மூட்டை இருக்கும் என்பதற்கு யாரும் அவனுக்கு ரசீது எழுதித் தரவில்லை. "உள்ளே வந்து படுத்துக்கோ" என்று சத்திரத்துக்காரர் சொன்ன வார்த்தைதான் ரசீது. சில நாள் மூட்டை போயும் இருக்கும். பழைய காலத்தில் திருடனே கிடையாது என்று எழுதுகிற கூட்டத்தில் நான் சேர்ந்தவன் அல்ல.

போன வருஷம் ஆனி மாதத்தில் நண்பருடைய பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பெண் பி.எஸ்ஸி. படித்துவிட்டுத் திருவள்ளூரில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பிள்ளைக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம். வந்திருந்த உறவினர்களில் பாதிப் பேர் தெலுங்கில் பேசினார்கள். மீதிப் பேர் தமிழில் பதில் சொன்னார்கள். இந்த வட்டாரத்தில் அது சகஜம். திருத்தணி தாலுகா 1960-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதிதான் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை ராஜ்யத்தோடு வந்து சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, பாட்டிமார்களின் பேச்சு நகரவில்லை.

நம் பெரியவர்கள் செய்ததற்கு நிச்சயதாம்பூலம் என்று பெயர். இரண்டு தட்டுகளில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், பூ. தட்டை மாற்றிக்கொண்டால் காரியம் முடிந்தது. மறுநாள் வெற்றிலை வாடிப்போகும். வாக்கு வாடக்கூடாது. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுகிற வழக்கம் நம்மிடம் வெகு நாளாக உண்டு. ஆனால் பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்து மோதிரம் போடுவதும், சுற்றி நிற்கிறவர்கள் கை தட்டுவதும், புகைப்படக்காரர் "இன்னொரு தடவை போடுங்க சார்" என்று கழற்ற வைப்பதும் பின்னால் வந்து சேர்ந்தவை. அன்றைக்கும் அப்படியே நடந்தது. ஒற்றை வைரக்கல் பதித்த மோதிரம். பெண்ணின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, புது வழக்கமானால் என்ன, நல்ல வழக்கம்தான் என்று எனக்குத் தோன்றியது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் புறப்பட்ட பிறகு நண்பர் திண்ணைக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"இதைப் பார்த்தாயா?" என்றார்.

பார்த்தேன். மோதிரப் பெட்டியோடு வந்த காகிதங்கள். கடை பில், ஹால்மார்க் சீட்டு, வைரத்துக்கு ஒரு சான்றிதழ். அவற்றோடு ஒரு இன்ஷூரன்ஸ் பத்திரம். 60,000 ரூபாய்க்கு ஒரு வருஷ காலத்துக்கு மோதிரம் காப்பீடு செய்யப்பட்டிருந்தது. தீ, திருட்டு, தற்செயலாக நேரும் இழப்பு எல்லாவற்றுக்கும் ஈடு.

"நிச்சயம் பண்ணுகிற நாளிலேயே தொலைந்து போவதைப் பற்றி யோசிக்கிறவன் என்ன மாப்பிள்ளை?" என்றார் நண்பர்.

"நீ வீட்டுக்குப் பூட்டுப் போடுவதில்லையா?"

"பூட்டு திருடனுக்குப் போடுவது. இது சொல்லுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது."

"உன் உயிருக்கே இன்ஷூரன்ஸ் எடுத்தவன் நீ. 1956-இல் சர்க்கார் ஆயுள் இன்ஷூரன்ஸ் கழகம் ஆரம்பித்த கதையைப் பாடமாக நடத்தி, சக வாத்தியார்களையெல்லாம் பாலிசி எடுக்க வைத்தவன் நீ. அது மட்டும் அபசகுனம் இல்லையோ?"

நண்பர் தயங்கவில்லை. "உயிர் போவது நிச்சயம். அதற்கு எடுக்கலாம். இது போகவே கூடாத பொருள் அப்பா" என்றார்.

அன்று ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது இந்தப் பேச்சையே புரட்டிக்கொண்டு வந்தேன். வாத்தியார் சொன்னது வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியவில்லை. ஒரு பொருளை அதன் விலைக்காக வைத்துக்கொள்வது வேறு. அது ஒரு சொல்லுக்குச் சாட்சி என்பதற்காக வைத்துக்கொள்வது வேறு. அரிசி மூட்டை போனால் இன்னொரு மூட்டை வாங்கலாம். சாட்சி போனால் வேறொரு சாட்சியை விலைக்கு வாங்கலாமா? விலைக்கு வாங்கிய சாட்சிக்கு என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் பிள்ளையின் பக்கமும் ஒன்று இருந்தது. அதை அவனே என்னிடம் சொன்னான். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அவனுடையது. மோதிரத்தைப் பன்னிரண்டு மாதத் தவணையில் வாங்கியிருக்கிறானாம். "மோதிரம் தொலைஞ்சா வருத்தப்படறதோட நிக்கணும் சார். மாசா மாசம் கடனும் கட்டணும்னா ரெண்டு அழுகை ஆயிடும்" என்று சொல்லிவிட்டு, பாயசத்தை வழித்துக் குடித்தான்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அந்தப் பையனை மதிக்கத் தொடங்கினேன். நடுத்தரக் குடும்பத்தில் எந்தத் துக்கமும் சுத்தமான துக்கமாக இருப்பதில்லை. அப்பா செத்துப்போனால் அழுவதற்கு முன்னால் பெட்டிக் கடனை எண்ண வேண்டியிருக்கிறது. இன்ஷூரன்ஸ் என்பது துக்கத்திலிருந்து கணக்கைப் பிரித்து எடுத்து வைக்கிற ஒரு ஏற்பாடு. கணக்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ போய் அழு என்கிறது. அது கேவலமான ஏற்பாடு அல்ல.

சட்டமும் இதில் வியாபாரியை விட நாஸூக்காகவே நடந்துகொள்கிறது. நஷ்டம் எவ்வளவோ அவ்வளவுதான் ஈடு. அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை. நீங்கள் ஆசையோடு போட்டுக்கொண்ட மோதிரம் என்பதற்காக அதிகம் தரமாட்டார்கள். ஆசைக்கு விலை வைப்பது தங்களால் ஆகாது என்று ஒப்புக்கொள்கிறார்கள். இன்னொன்று, தனக்குச் சம்பந்தமில்லாத பொருளை யாரும் இன்ஷூர் செய்ய முடியாது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் முன்பின் தெரியாத மனிதர்களின் உயிர் மீதெல்லாம் பாலிசி எடுத்துச் சூதாடியிருக்கிறார்கள். அதை நிறுத்த 1774-இல் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. பொருள் போனால் உனக்கு வலிக்குமா, வலித்தால்தான் பாலிசி என்பது அதன் சாரம்.

நிச்சயதார்த்த மோதிரம் போனால் யாருக்கு வலிக்கும்? வாங்கியவன் ஒருவன், போட்டுக்கொண்டவள் ஒருத்தி. கல்யாணம் நின்றுபோனால் மோதிரம் யாருடையது? இங்கிலாந்தில் 1970-ஆம் வருஷத்துச் சட்டம், அது பெண்ணுக்குக் கொடுத்த முழு தானம் என்றே முதலில் வைத்துக்கொள்கிறது. திருப்பித் தருவதாக ஏற்பாடு இருந்தது என்று பிள்ளை காட்டினால்தான் மாறும். அமெரிக்காவின் பல ராஜ்யங்களில் இதற்கு நேர்மாறு. கல்யாணம் நடந்தால்தான் தானம் பூர்த்தி. நம் ஊரிலோ இதையெல்லாம் கோர்ட்டுக்குப் போகாமல் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சத்தம் போட்டே தீர்த்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவையும் வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஒரு விஷயம் சொன்னார். நம்முடைய 1963-ஆம் வருஷத்துக் கடல் இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 19-ஆம் பிரிவில், இன்ஷூரன்ஸ் என்பது உச்சமான நம்பிக்கையின்மேல் நிற்கிற ஒப்பந்தம் என்று இருக்கிறதாம். கப்பலுக்கு எழுதப்பட்ட பிரிவு என்றாலும், தத்துவம் எல்லா இன்ஷூரன்ஸுக்கும் பொதுவாம். கடையில் கத்தரிக்காய் வாங்கினால் சொத்தையைப் பார்த்து எடுப்பது நம் பொறுப்பு. இன்ஷூரன்ஸில் அப்படி இல்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் தெரிந்ததை மறைக்கக்கூடாது. ஆக, நண்பர் எதைச் சொல்லுக்குப் போட்ட பூட்டு என்றாரோ, அதுவே இன்னொரு சொல்தான். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத இரண்டு பேர் ஒருவரையொருவர் நம்பிக் கையெழுத்துப் போடுவது. கல்யாண நிச்சயமும் அதைத் தவிர வேறென்ன?

இந்த அளவில் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆடிக் கிருத்திகை வந்தது.

ஆடிக் கிருத்திகைக்குத் தணிகை மலையைப் பார்க்காதவர்களுக்கு அந்தக் கூட்டத்தைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. மஞ்சள் துணியும் புஷ்பக் காவடியுமாக ஜனங்கள் நாலா பக்கத்திலிருந்தும் வந்து சேருவார்கள். சரவணப் பொய்கையில் தண்ணீர் தெரியாது, தலைதான் தெரியும். மலைக்கு மேல் பஸ் போகிற பாதை இருந்தாலும் 365 படிகளையும் ஏறித்தான் தீருவேன் என்கிறவர்கள் அதிகம். நண்பரின் மனைவியும் பெண்ணும் படி வழியாகத்தான் போனார்கள். கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்ற பிரார்த்தனை.

ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து கை கழுவும்போது பெண் பார்த்தாள். விரலில் மோதிரம் இல்லை.

காலையில் அரிசி களையும்போது இருந்ததாக ஞாபகம். பஸ்ஸில் இருந்ததா, தெரியாது. பொய்கையில் குளித்தபோது இருந்ததா, தெரியாது. படியில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு போனாள். விரலெல்லாம் எண்ணெயும் மஞ்சளும். வரும்போது பஸ்ஸில் நெருக்கம். பாசிமணி விற்கிற ஒரு பெண்பிள்ளை, இடுப்புக் குழந்தையோடு பக்கத்தில் நின்றிருந்தாள். பெண் அவளுக்கு எழுந்து இடம் கொடுத்திருக்கிறாள். அவ்வளவுதான் ஞாபகம்.

எனக்கு மறுநாள் டெலிபோன் வந்தது. போனேன். வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம். மோதிரம் போனது கூடப் பெரிதில்லை. பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள், சகுனம் என்பார்களோ, பெண் அலட்சியக்காரி என்பார்களோ என்பதுதான் அம்மாவின் கவலை. எந்தக் காகிதத்தை நண்பர் வெறுத்தாரோ அந்தக் காகிதம் இப்போது கூடத்து மேஜைமேல் பரப்பி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். உறவுக்காரர், இன்ஷூரன்ஸ் காரியங்களில் பழக்கமுள்ளவர்.

"இதோ பாருங்க, இங்கேதான் சிக்கல்" என்று ஒரு வரியை விரலால் காட்டினார். எப்படிப் போயிற்று என்று காரணம் சொல்ல முடியாத மறைவுக்கு ஈடு கிடையாது என்று பொடி எழுத்தில் இருந்தது. "எங்கே போச்சுன்னு தெரியலைன்னு எழுதினா பணம் வராது. பஸ்ஸிலே திருட்டுப் போச்சுன்னு போலீஸிலே ஒரு புகார் எழுதிக் கொடுத்துடுங்க. காகிதம் வந்துடும். எல்லாரும் பண்றதுதான்."

யாரும் பேசவில்லை. அந்த மனிதரைக் கெட்டவராக நான் சித்திரிக்க விரும்பவில்லை. ஒரு குடும்பத்தின் கஷ்டத்தைப் பார்த்து, தமக்குத் தெரிந்த வழியைச் சொன்னார். நானும் யோக்கியன் என்று மார்தட்டிக்கொள்வதற்கில்லை. 'பஸ்ஸில் திருட்டுப் போயிருக்கவும் கூடுமே, அது முழுப் பொய் ஆகாதே' என்று என் மனசும் ஒரு சந்து தேடியது. கம்பெனி என்பது முகமில்லாத ஒன்று. அதனிடம் 60,000 ரூபாய் என்பது கடலில் ஒரு செம்புத் தண்ணீர். இப்படியெல்லாம் நியாயம் தோன்றுவதற்கு எனக்கு அரை நிமிஷம் கூட ஆகவில்லை.

அம்மாதான் கதவைத் திறந்துவிட்டாள். "அந்தப் பாசிமணிக்காரிதான் எடுத்திருப்பா. அவ நிந்ததே சரியில்லே. அவளைச் சொன்னா போலீஸ்காரங்க கண்டுபிடிச்சுடுவாங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் முகமில்லாமல் இருந்த பொய்க்கு இப்போது ஒரு முகம் வந்துவிட்டது. இடுப்பில் ஒரு குழந்தையும் இருந்தது.

காணாமல் போன நகைக்கும் பழி சுமக்கிற ஏழைக்கும் உள்ள சம்பந்தம் நம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. பாண்டிமாதேவியின் சிலம்பு காணாமல் போயிற்று. எடுத்தவன் பொற்கொல்லன். அவன் கைக்கு எட்டியவன் ஊருக்குப் புதியவனான கோவலன். விசாரணை இல்லை, தலை போயிற்று, பிறகு மதுரையே போயிற்று. சிலம்பு காணோம் என்று உண்மையைச் சொல்லி நின்றிருந்தால் ஒரு ராணியின் மனவருத்தத்தோடு போயிருக்கும். காணோம் என்பது திருடன் என்று மாறியபோதுதான் அனர்த்தம் பிறந்தது.

காளிதாஸனின் சாகுந்தலத்தில் வருகிற மோதிரத்துக்கும் இதே விதி. துஷ்யந்தன் கொடுத்த மோதிரத்தைச் சகுந்தலை தீர்த்தத்தில் வணங்கும்போது நழுவவிடுகிறாள். மீன் விழுங்குகிறது. மீனை அறுத்த செம்படவன் மோதிரத்தை விற்கப் போகிறான். காவல்காரர்கள் என்ன செய்கிறார்கள்? அவன் கையைப் பின்னால் கட்டி, அடித்து, கழுவேற்றலாமா நாய்க்குப் போடலாமா என்று கேலி பேசிக்கொண்டு இழுத்து வருகிறார்கள். நாம் காதல் கதையாகப் படித்துவிட்டுப் போகிற நாடகத்தில், அந்தச் செம்படவனுடைய முதுகை நான் மறப்பதில்லை. ராஜா மோதிரத்தைப் பார்த்து நினைவு திரும்பியதும், அவனை விடுவித்து மோதிரத்தின் விலைக்குச் சமமான பணத்தைக் கொடுத்தனுப்புகிறான். பார்க்கப்போனால் அந்த நாடகத்தில் ஈட்டுத் தொகை வாங்கிய ஒரே ஆள் செம்படவன்தான். (இந்தக் காலத்தில் துஷ்யந்தன் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கியிருந்தான் என்றால், மீன் வயிற்றிலிருந்து வந்த மோதிரம் கம்பெனிக்குச் சொந்தம். பணமும் மோதிரமும் இரண்டுமாக வைத்துக்கொள்ள முடியாது.) கடைசியில் அவன் அதே மோதிரத்தைச் சகுந்தலைக்குத் திரும்பவும் போட வரும்போது அவள் வேண்டாம் என்கிறாள். அதை நான் நம்பவில்லை, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்கிற பொருளில் சொல்கிறாள். எத்தனை பட்ட பிறகு வந்த வார்த்தை!

அன்று சாயங்காலம் நண்பர் என்னைத் திருவாலங்காட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். மனசு சரியில்லை என்றால் அவர் போகிற இடம் அது. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த தலம் என்பார்கள். ரத்தின சபை. சுவாமி தரிசனம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவர் பழையனூர்ப் பக்கம் நடக்கத் தொடங்கியபோது, எதற்காக என்னை இழுத்து வந்தார் என்று எனக்குப் புரிந்தது.

பழையனூர் நீலி கதையைத் தொண்டை மண்டலத்தில் அறியாதவர் இல்லை. ஞானசம்பந்தரின் தேவாரத்திலேயே அதைப் பற்றிய குறிப்பு உண்டு. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள், பேயாகப் பிறந்து பழி வாங்கக் காத்திருக்கிறாள். அவன் இந்தப் பிறவியில் வணிகன். கையில் மந்திர வாள் இருக்கிற வரையில் அவளால் அவனைத் தொட முடியாது. பழையனூரில் அவள் மனைவி வேஷம் போட்டுக்கொண்டு, கள்ளிக் கட்டையோ கரிக்கட்டையோ, அதைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபையில் முறையிடுகிறாள். சபையில் வேளாளர் எழுபது பேர். இவள் என் மனைவி அல்ல, என்னைக் கொல்ல வந்த பேய் என்று வணிகன் கதறுகிறான். குழந்தையை இறக்கி விடுகிறார்கள். அது நேரே வணிகனிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் சாட்சி எதற்கு? அவளோடு தங்கு என்று தீர்ப்பு. வாளையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். உனக்கு ஏதாவது ஆபத்து வந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் தருகிறோம் என்று பிணை சொல்கிறார்கள். விடிந்தபோது வணிகன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கி உயிர் விட்டார்கள் என்பது கதை. அவர்கள் நினைவாக ஒரு மண்டபமும் அங்கே இருக்கிறது.

அந்த இடத்தில் நின்றுகொண்டு நண்பர் கேட்டார்: "முப்பது வருஷம் இந்தக் கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வாக்குத் தவறாமை என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு பையனும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. இன்றைக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். எழுபது பேர் செத்தும் செட்டியின் உயிர் திரும்பி வந்ததா?"

"இல்லை."

"அப்புறம் அது என்ன ஈடு?"

நான் யோசித்தேன். உலகத்திலேயே பெரிய இன்ஷூரன்ஸ் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பிரீமியம் கிடையாது, உச்சவரம்பு கிடையாது, பொடி எழுத்து கிடையாது. ஒரு வழிப்போக்கனின் ஓர் உயிருக்கு எழுபது உயிர் ஈடு. அப்படியும் போன பொருள் போனதுதான். ஈடு என்பது ஒருநாளும் போனதைக் கொண்டுவருவதில்லை. கொடுக்கிறவன் தன் சொல்லைக் காப்பாற்றிக்கொள்கிறான். அவ்வளவே அதில் நடக்கிறது.

எனக்கு அதைவிட வேறொன்று உறுத்தியது. எழுபது பேரின் சாவுக்கும் காரணம் அவர்கள் கொடுத்த வாக்கு அல்ல. ஒரு பொய் முறையீடு. நம்பும்படியாக ஜோடித்த ஒரு சாட்சி. வாக்குக் கொடுக்கிறவன் எவ்வளவு உத்தமனோ, அவ்வளவு சுலபமாகப் பொய் முறையீடு அவனை அழித்துவிடுகிறது. கம்பெனிக்கு முகம் இல்லை என்று காலையில் நினைத்தேனே, அங்கேயும் பொய்யான புகார்களைக் கண்டு கண்டுதான் அந்தப் பொடி எழுத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். எத்தனையோ பேர் சொன்ன பொய், உண்மை சொல்ல வந்த ஒரு பெண்ணின் காகிதத்தில் வந்து நிற்கிறது. இதை நண்பரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. இருட்டிவிட்டது, பஸ் பிடித்துத் திரும்பினோம்.

வீட்டில் பெண் விளக்கடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். கம்பெனியின் படிவம். எப்படி இழப்பு நேர்ந்தது என்ற கேள்விக்கு எதிரே, காலை முதல் இரவு வரை போன இடங்களை வரிசையாக எழுதி, எங்கே விழுந்தது என்று தெரியவில்லை என்று முடித்திருந்தாள்.

"பணம் வராதும்மா" என்றேன் நான்.

"தெரியும் பெரியப்பா."

"அப்பா சொன்னாரா இப்படி எழுதச் சொல்லி?"

"இல்லே. அந்தப் பாசிமணி அம்மா எங்க பஸ்ஸிலேதான் வருவாங்க. திருவள்ளூர் போற நாளெல்லாம் பாக்கறேன். எழுதிக் குடுத்துட்டு அப்புறம் எந்தப் பக்கம் திரும்பி நிக்கறது?"

நானும் நண்பரும் பழையனூர் வரை போய்த் தேடி வந்ததை அவள் பஸ்ஸில் நிற்கிற நினைப்பிலேயே கண்டுபிடித்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக் கூட இருந்தது.

பிள்ளைக்கு அன்றைக்கே டெலிபோனில் சொல்லிவிட்டாளாம். அவன் என்ன சொன்னான் என்று அம்மா துருவித் துருவிக் கேட்டாள். 'சரி' என்றானாம். வேறு? 'சாப்பிட்டியா' என்றானாம். அம்மாவுக்கு இது போதவில்லை. எனக்குப் போதும் என்று தோன்றியது.

கம்பெனிக்காரர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். விசாரிக்க ஒருவர் வந்தார்; காபி சாப்பிட்டார்; பெண் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். "இவ்வளவு நேரா யாரும் சொல்றதில்லைம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாராம். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் கடிதம் வந்தது. நிபந்தனைப்படி ஈடு தருவதற்கில்லை, வருந்துகிறோம் என்று இரண்டு வரி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் எழுதியிருந்தபடி அவர்கள் நடந்துகொண்டார்கள். ஆனால் அந்த விசாரிக்க வந்த மனிதர் வீட்டுக்குப் போய் ராத்திரி என்ன நினைத்திருப்பார் என்று இன்னமும் யோசிக்கிறேன்.

தவணையில் இன்னும் பாக்கி இருந்தது. நண்பர் அதைத் தாம் கட்டிவிடுவதாகச் சொல்லி, பென்ஷன் பணத்திலிருந்து எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கே போய்விட்டார். பையன் வாங்க மறுத்துவிட்டான். "ரெண்டு அழுகைன்னு சொன்னேனே மாமா, ரெண்டையும் நானும் அவளும் ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கறோம்" என்றானாம். நண்பர் இதை என்னிடம் சொல்லும்போது, தாம் ஆனி மாதத்தில் திண்ணையில் சொன்னதைப் பற்றி ஒன்றும் குறிப்பிடவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆவணியில் கல்யாணம். தாலி கட்டி முடிந்த பிறகு விளையாட்டுச் சடங்குகள் நடந்தன. மஞ்சள் நீர் நிறைந்த குடத்தில் மோதிரத்தைப் போட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே சமயத்தில் கையை விட்டுத் தேடுவார்களே, அது. வாத்தியாரின் தங்கை குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போடுவதற்கு மோதிரம் எங்கே என்று கேட்டாள். ஒரு கணம் கூடம் அமைதியாகிவிட்டது. எல்லோருக்கும் ஒரே ஞாபகம். யாரோ ஒரு அம்மாள், இந்தச் சடங்கு இன்றைக்கு வேண்டாமே என்று கூட முணுமுணுத்தாள்.

நண்பர் தம் விரலைத் திருகிக்கொண்டிருந்தார். அவருடைய கல்யாணத்தில் மாமனார் போட்ட மோதிரம். நாற்பது வருஷமாகக் கழற்றியதில்லை. வரமாட்டேன் என்றது. அத்தைக்காரி எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள். ஒருவழியாகக் கழற்றிக் குடத்தில் போட்டார். 'டொக்' என்று அடியில் போய் விழுந்தது.

முதல் தடவை பையன் கை வெறுமனே வந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை பெண் முழங்கை வரை நனைத்துக்கொண்டு, மூடிய கையை வெளியே எடுத்தாள். "விரிச்சுக் காட்டு, விரிச்சுக் காட்டு" என்று பெண்கள் கத்தினார்கள். அவள் விரிக்கவில்லை. அப்பாவிடம் வந்து, அவர் கையைப் பிடித்து, அந்த ஈர மோதிரத்தை விரலில் மாட்டி, முட்டி தாண்டும் வரை அழுத்தித் தள்ளிவிட்டுப் போனாள்.